புகைக்குக் காத்திருந்த கீழ் டிவிசன்

இலங்கை மலைநாட்டில், பெரகல சந்தியில் நான் இறங்கியிருக்கவே கூடாது. பண்டாரவளைக்கு டிக்கெட் வாங்கியவள். தூக்கக் கலக்கத்தில் கண்டக்டர் ஏதோ ஊர்ப் பெயரைக் கூவ, பக்கத்துச் சீட்டு அம்மாள் எழுந்து பையைத் தூக்க, அவள் பின்னாலேயே நானும் இறங்கித் தொலைத்தேன். பஸ் வளைவில் திரும்பி மறைந்த பிறகுதான் கடைப் பலகையைப் படித்தேன். ஊர் சுற்றுகிறவளுக்கு வயது ஏறுகிறதே தவிர புத்தி ஏறவில்லை.

தேநீர்க் கடைக்காரர் சிங்களத்தில் தன் மனைவியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அங்கே உட்கார்ந்திருந்த தோட்டத்துக்காரர் ஒருவரிடம் என்னவென்று கேட்டேன். "அந்தம்மா எறங்கின வேகத்தப் பாத்தா பஸ்ஸுக்குள்ள பேய் இருந்திருக்கும் போலன்னு சொல்றாருங்க" என்று பணிவாக மொழிபெயர்த்தார். நானும் சிரித்துவிட்டேன். வேறென்ன செய்ய?

யோகேஸ்வரி டீச்சருக்கு போன் போட்டேன். அவர் பூனாகலைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. என்னை அழைத்தவர் அவர்தான். "அங்கேயே இருங்க மேடம், வீட்டுக்காரரு த்ரீவீலோட வருவாரு" என்றார். நம்மூர் ஆட்டோவுக்கு இங்கே அதுதான் பெயர். காத்திருந்த நேரத்தில் தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டேன். காய்ந்த மிளகாயும் வெங்காயமும் மாசிக் கருவாடும் சேர்த்து இடித்த சம்பல். முதல் வாயிலேயே காது அடைத்துக்கொண்டது, இரண்டாம் ரொட்டிக்குக் கை தானாகப் போனது. சாயத்தண்ணி என்று தேநீரைப் பால் இல்லாமல் கொடுத்து, சீனியைத் தனியாகக் கையில் வைக்கிறார்கள். ஒரு நக்கு, ஒரு மிடறு. நான் குன்னூர்க்காரி. தேயிலைக்கு நடுவில் பிறந்து வளர்ந்தும், அதைப் பாலில் போட்டுச் சாகும்வரை கொதிக்க வைத்துத்தான் குடித்திருக்கிறேன். தேயிலைக்கு இப்படி ஒரு வாசனை உண்டு என்பது அங்கேதான் தெரிந்தது.

நான் எதற்கு அங்கே போனேன் என்று சொல்லிவிடுகிறேன். நீலகிரியில் ஒரு வெடிமருந்து ஆலையின் சோதனைச்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். புகையில்லாத துப்பாக்கி மருந்து எப்படி உருவானது என்று இப்போது ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு யோகேஸ்வரி ஒரு புகைப்படம் அனுப்பினார். பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டத் தோண்டியபோது கிடைத்த இரண்டு துப்பாக்கிக் குண்டுகள். ஒன்று கட்டைவிரல் தடிமனில் வெறும் ஈயம். மற்றது சுண்டுவிரலைவிட மெலிது, மேலே செம்பு நிற உறை. துப்பாக்கியின் வரலாறே தலைகீழாகப் புரண்ட இடம் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டும் ஒரே குழியில் என்றால் நான் வீட்டில் உட்காருவேனா? மாரியம்மன் திருவிழா வாரத்தில் வந்தால் நன்றாக இருக்கும் என்று யோகேஸ்வரி திரும்பத் திரும்ப எழுதினார். திருவிழாவைக் காட்ட ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் கணவர் சிவலிங்கம் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, பேச்சு நிற்காத வாய். எடுத்த எடுப்பில் என்னை அக்கா ஆக்கிவிட்டார். ஏற்றத்தில் பாதி வழியில் த்ரீவீல் மூச்சை விட்டது. "கொஞ்சம் எறங்கித் தள்ளுனீங்கன்னா போயிரும்க்கா" என்றார், ஏதோ வெற்றிலை கேட்பதுபோல. வெளிநாட்டு மண்ணில் நான் செய்த முதல் காரியம் ஆட்டோ தள்ளியது. தள்ளும்போதே எதிரில் கொழுந்துக் கூடைகளோடு வந்த பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள், பிறகு அவர்களும் சேர்ந்து தள்ளினார்கள். ஒருத்தி, "யாருங்க, ஒங்க வீட்டு விருந்தாளியா? நல்லா உபசரிக்கிறீங்க" என்று சிவலிங்கத்தை வாரினாள்.

தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று பிறகு கேட்டுக்கொண்டார்கள். காரணம் போகப் போகத் தெரியும். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளின் கோடியில் இரண்டு அறை சேர்த்துக் கட்டிய வீடு. ராத்திரிச் சாப்பாடு பாண் என்கிற பேக்கரி ரொட்டியும் பருப்பும். யோகேஸ்வரி குறைவாகவே பேசினார். நான் என் வேலையைப் பற்றிச் சொன்னபோது மட்டும், எங்கள் ஆலையில் யாருக்காவது கை போனதுண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். சிவலிங்கம் உடனே பேச்சைக் காட்டுப்பன்றிக்கு மாற்றிவிட்டார்.

காலையில் பெரட்டில் பேர் கொடுத்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு, பள்ளிக்கூடத்தை ஒட்டிய துரைமார் காலத்துச் சுடுதிடலைப் பார்க்க நானும் சிவலிங்கமும் போனோம். இப்போது அதுவும் தேயிலைதான். கோடியில் குண்டைத் தாங்குவதற்கென்று எழுப்பிய மண்மேடு மட்டும் புல் மூடிக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துரைமார் கூடிச் சுட்டுப் பழகிய இடமாம். மேட்டடியில் ஒரு குச்சியால் கிளறினேன். சிறிது நேரத்தில் ஒரு தடித்த ஈயக் குண்டு கிடைத்தது. சின்னப்பிள்ளை மாதிரிக் குதித்தேன் என்று சிவலிங்கம் பின்னால் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த மேட்டில் உட்கார்ந்து அவருக்குக் கதை சொன்னேன். பழைய துப்பாக்கிக்குக் கருமருந்துதான் சாப்பாடு. ஒரு முறை சுட்டால் சுட்டவன் முகத்துக்கு முன்னால் வெள்ளைப் புகை எழும்பி நிற்கும். எதிரி தெரியமாட்டான். எதிரிக்கோ இவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று ஊரறியத் தெரிந்துவிடும். குழாயெல்லாம் கரி அடையும். பஞ்சை அமிலத்தில் போட்டால் அது புகையில்லாமல் எரிகிறது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். வீட்டில் அமிலத்தைக் கொட்டிவிட்டு மனைவியின் பருத்தி முன்துணியால் துடைத்த விஞ்ஞானி ஒருவரின் கதை உண்டு. துணி அடுப்புப் பக்கம் காய்ந்துகொண்டே இருந்ததாம், திடீரென்று காணாமல் போய்விட்டதாம். நிஜமோ பொய்யோ, அந்த மனைவி என்ன சொன்னாள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்தப் பஞ்சைத் துப்பாக்கியில் போட்டவர்களுக்குக் குழாய்தான் வெடித்தது. அதன் வேகத்தை அடக்கத் தெரியாமல் ஒரு தலைமுறையே திண்டாடியது. கடைசியில் பிரான்சில் ஒரு வேதியியலாளர் அதைக் களியாகப் பிசைந்து, தகடாக்கி, நறுக்கி, நிதானமாக எரிய வைத்தார். புகை போயிற்று. தள்ளும் விசையோ பல மடங்கு ஏறியது. அதனால் குண்டு மெலிந்தது, வேகம் கூடியது. அந்த வேகத்தை வெறும் ஈயம் தாங்காது என்று உலோக உறை வந்தது. பழைய குழாய் தாங்காது என்று துப்பாக்கியின் இரும்பையே மாற்றினார்கள். சுண்டுவிரல் குண்டு பிறந்த கதை இதுதான்.

சிவலிங்கம் இதையெல்லாம் கவனமாகக் கேட்டார். "அப்ப புது மருந்துதான் நல்ல மருந்து" என்றார். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன்.

திரும்பும்போது கோயிலுக்குக் கூட்டிப்போனார். மலை விளிம்பில் சின்ன மாரியம்மன் கோயில். பக்கத்தில் தரையில் பாதி புதைத்த ஒரு இரும்பு வேட்டுக்குழாய். எங்கள் பக்கத்துத் திருவிழாக்களிலும் வேட்டு உண்டு, ஆனால் அது வெறும் கொண்டாட்டம். இங்கே அதற்கு ஒரு வேலை இருக்கிறது. தோட்டம் இரண்டு டிவிசன். நடுவில் பள்ளத்தாக்கு, அடியில் ஓடை, ஓடைக்கு ஒரு பாலம். நாங்கள் நின்ற மேல் டிவிசன் கரகமும் எதிரே கீழ் டிவிசன் கரகமும் பாலத்தில் ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டும். ஒன்று முந்திப் போய் மற்றதுக்காக நிற்பது ஆகாது. மேலே கரகம் தூக்கியதும் வேட்டு. அந்தப் புகையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கீழே தூக்குவார்கள். சத்தத்தை நம்பமாட்டார்கள். திருவிழா மாதத்தில் சுற்றியுள்ள தோட்டமெல்லாம் வேட்டு போடும், மலையில் முட்டி எங்கிருந்தோ எதிரொலிக்கும். புகைதான் எந்த மலை என்று சொல்லும்.

ஒரு போன் பண்ணினால் ஆகாதா என்றேன். சிவலிங்கம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆத்தாளுக்கு மிஸ்டு கால் குடுத்தா கரகத்தத் தூக்குறது?"

வேட்டு போடுவது அவர்கள் குடும்பத்து உரிமை. போன வருஷம் மருந்து ஈரம் பாய்ந்து வேட்டு விழவில்லை. மேல் கரகம் பாலத்துக்குப் போய் நின்றது, கீழே புகைக்காகக் காத்திருந்தார்கள். மழை பிடித்தது. ஒரு கரகத்தின் பூவெல்லாம் கரைந்தது. பிறகு வாய்ச்சண்டை கைச்சண்டை ஆனது. இனி எங்கள் திருவிழாவை நாங்களே செய்துகொள்கிறோம் என்று கீழ் டிவிசன் எழுந்துவிட்டது. பெரியவர்கள் நடுவில் புகுந்து, இந்த ஒரு தடவை பார்ப்போம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இந்த வருஷமும் புகை வராவிட்டால் திருவிழா இரண்டாகும். சிவலிங்கத்தின் தங்கை கீழ் டிவிசனில் வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷன் அதற்குப் பிறகு இவர் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை.

"இந்த வருசம் தப்பவே தப்பாதுக்கா" என்று சொல்லி, கோயில் அறைக்குள் போய் ஒரு பால்பவுடர் டின்னைக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்தார்.

உள்ளே சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில் மெல்லிய சில்லுகள். வேலைக்காலம் முழுக்க நான் பார்த்த சரக்கு அது. கருமருந்து இந்த வருஷம் எங்கேயும் கிடைக்கவில்லையாம். பன்றிக் காவலுக்குத் துப்பாக்கி வைத்திருக்கும் கிராமத்துச் சிங்கள நண்பர்களிடம் தோட்டாக்களைக் கேட்டு வாங்கி, மாதக்கணக்கில் சேர்த்து, ஒவ்வொன்றாகப் பிரித்திருக்கிறார். அளவு? அப்பா காலத்து அளவு, கோயில் சந்தனக் கிண்ணத்தால் ஒரு கிண்ணம். அதைக் குழாயில் இட்டு, செங்கல் தூள் போட்டு இறுக்கி, குனிந்து திரி வைப்பது.

நான் நல்ல வார்த்தையில் ஆரம்பித்தேன் என்று சொல்ல மாட்டேன். உனக்குப் பைத்தியமா தம்பி என்றுதான் ஆரம்பித்தேன். இது கருமருந்து இல்லை, இறுக்க இறுக்க இதன் வேகம் ஏறும், இந்த வார்ப்பிரும்புக் குழாய் சிதறிவிடும், குனிந்து நிற்கிற உன் கையும் முகமும் இருக்காது என்றேன். அவர் சிரித்தார். "நாட்டு மருந்துக்கே ஒண்ணும் ஆகாத கொழாயிங்க இது. கம்பெனி மருந்துக்கு என்ன ஆகப் போகுது? நல்ல மருந்துன்னு இப்பத்தானே நீங்களே சொன்னீங்க." நல்ல மருந்து என்பதால்தான் வெடிக்கும் என்று சொன்னால், படித்தவள் குழப்புகிறாள் என்பதுபோல் பார்த்தார். சரி, கிண்ணத்தில் பாதி போடுகிறேன் என்று எனக்காக இறங்கி வந்தார். பாதியும் கூடாது, கால்வாசியும் கூடாது என்றேன். டின்னை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் யோகேஸ்வரியிடம் பொரிந்து தள்ளினேன். அவர் ரொட்டி மாவைப் பிசைவதை நிறுத்தினார்.

"குண்டப் பாக்கவா ஒங்கள இந்த வாரம் வரச் சொன்னேன்?" என்றார். "தோட்டாவ வெட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பாரு. நான் சொன்னா, பொம்பளைக்கு என்ன தெரியும்பாரு. கோயில் காரியம், பொலிசுக்குப் போனா புருசனக் காட்டிக் குடுத்தவன்னு பேரு. மருந்து தெரிஞ்சவங்க யாராவது வந்து சொன்னா கேப்பாருன்னு நெனச்சேன். அவருக்குத் திருவிழாவத் தவிர வேற கவல இல்ல. எனக்கு அவரு கை வேணுங்க அக்கா."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. குண்டைக் காட்டித் தூண்டில் போட்டிருக்கிறாரே என்று. அடுத்த நிமிஷமே கண் கலங்கிவிட்டது. கடல் தாண்டி ஒருத்தியை வரவழைக்க வேண்டிய அளவுக்கு அந்தப் பெண் தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

சாயங்காலம் சிவலிங்கத்தை விடாமல் வெளியே கூப்பிட்டேன். டின்னிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தரச் சொன்னேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு பாறையில் அதை வைத்து, எல்லாரையும் தள்ளி நிறுத்தி, தேயிலையில் வெட்டிப்போட்ட நீளமான கவாத்துக் குச்சியின் நுனியில் நெருப்பு வைத்து எட்ட நின்று தொட்டேன். வேகத்தைப் பார்த்தாவது பயப்படுவார் என்று எண்ணம். மஞ்சளாய் ஒரு சீறல். அவ்வளவுதான். பாறையில் கரிகூட இல்லை.

சிவலிங்கம் பயப்படவில்லை. பாறையைக் குனிந்து பார்த்தார், பிறகு அண்ணாந்து பார்த்தார்.

"பொக எங்கக்கா?"

"புகை இருக்காது தம்பி. அதை ஒழிக்கத்தானே இந்த மருந்தையே கண்டுபிடித்தார்கள். காலையில் அவ்வளவு நேரம் கதை சொன்னேனே."

"கிண்ணம் நெறையப் போட்டாலும் பொக வராதா?"

"வந்தாலும் அந்தப் பக்கத்துக்குத் தெரியாது."

அவர் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார். கை போகும் என்றபோது அசையாத மனுஷன், புகை வராது என்றதும் இடிந்து போனார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எத்தனை தேசத்து மூளைகள் மெனக்கெட்டு ஒழித்த புகை, இங்கே ஒரு தோட்டத்துக்கு அது மட்டும்தான் வேண்டும். இப்படி ஒரு ஆளை நான் படித்த எந்தப் புத்தகமும் யோசித்துப் பார்த்திருக்காது.

வெகுநேரம் கழித்து எழுந்து, டின்னை என்னிடம் கொடுத்தார். அதில் நான் தண்ணீரை ஊற்றி ஊறப்போட்டேன். பிறகு கோயில் கமிட்டிக்குப் போய், வேட்டு இல்லை, மருந்து இல்லை, ஈரப் புல்லை எரித்துப் புகை மட்டும் போடுகிறேன் என்று அவர் தன் வாயாலேயே சொன்னார். நான் வாசலில் நின்று கேட்டேன். காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. வேட்டு இல்லாமல் என்ன திருவிழா என்றார்கள். அப்பன் பேரைக் கெடுக்கப் பிறந்தவன் என்றார்கள். கீழ் டிவிசன்காரன் இதைப் புகை என்று ஒத்துக்கொள்வானா, அடுப்பெரிக்கிறார்கள் என்று உட்கார்ந்திருப்பான் என்றார் ஒருவர். அது எனக்கும் இருந்த பயம். சிவலிங்கம் எல்லாவற்றுக்கும் தலை குனிந்து நின்றார். ஆத்தா விட்ட வழி என்று கடைசியில் தலைவர் முடித்துவைத்தார்.

திருவிழா அன்று விடிந்ததிலிருந்து வேட்டுக்குழாயின் பக்கத்திலேயே கவாத்துக் குச்சியை அடுக்கினோம். மேலே பச்சை மானாப்புல், அதன் மேல் யூக்கலிப்டஸ் தழை. யோகேஸ்வரி குடம் குடமாகத் தண்ணீர் தெளித்தார். நானும் தழை சுமந்தேன். என் படிப்புக்கும் அனுபவத்துக்கும் அன்றைக்குக் கிடைத்த வேலை ஈரப் புல்லை அள்ளிப் போடுவது. தப்பு அதிர, கரகம் எழும்பியது. சிவலிங்கம் நெருப்பு வைத்தார்.

புகை வந்தது, ஆனால் மேலே போகவில்லை. காற்று அதை அழுத்தித் தேயிலைச் செடிகளின் மேல் படுக்க வைத்தது. பள்ளத்திலிருந்து வெள்ளை மூட்டம் வேறு ஏற ஆரம்பித்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் எதிர்மலையே தெரியாது. கரகம் எங்களைத் தாண்டி இறங்கத் தொடங்கிவிட்டது. போன வருஷம் மாதிரியே ஆகிவிடும் என்று யாரோ முனகினார்கள். சிவலிங்கம் ஈரச் சாக்கை எடுத்துக் குவியலின் மேல் மூடினார். கண்ணில் தண்ணீர் வழிய, இருமிக்கொண்டே சாக்கைத் தூக்குவதும் மூடுவதுமாக இருந்தார். நான் எந்தச் சாமியையும் அடிக்கடி கூப்பிடுகிறவள் இல்லை. அன்றைக்குக் கூப்பிட்டேன்.

காற்று விட்டது. சாக்கைத் தூக்கினார். அடியில் அடைபட்டிருந்தது மொத்தமும் தூணாக எழும்பியது. கோயிலுக்கு மேலே, மரங்களுக்கு மேலே போனது. எதிரே ஒரு சலனமும் இல்லை. பிறகு பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் தப்புச் சத்தம் கேட்டது. மஞ்சள் சேலைகள் வரிசையாக லயத்திலிருந்து இறங்குவது மூட்டத்தின் ஓரமாகத் தெரிந்தது.

சரிவில் விழுந்தடித்துக்கொண்டு பாலத்துக்கு ஓடினோம். இரண்டு கரகமும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் ஏறின. கீழ் டிவிசன் கூட்டத்தின் முன்னால் நின்றவர் சிவலிங்கத்தின் மச்சான், தங்கை புருஷன். இவரைப் பார்த்து, "வேட்டுச் சத்தமே கேக்கலையே மச்சான்" என்றார். எங்கள் பக்கத்தில் எல்லாரும் மூச்சைப் பிடித்தோம்.

"வேட்டு போடல மாப்ள" என்றார் சிவலிங்கம்.

"பொக வந்துச்சு. வந்துட்டோம்" என்றார் மச்சான். "ஆத்தா நிக்கிறா. கும்புடுங்க."

சிவலிங்கம் கும்பிட்டார். கரி படிந்த இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, விரல்களைச் சேர்த்து, வெகுநேரம் இறக்காமல் நின்றார். யோகேஸ்வரி சாமியைப் பார்க்கவில்லை. அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.